கடைசியாகப் போட்டது

மாத்திரை டப்பா அலமாரிக்குள் போன காலையில் அந்தச் சமையலறையில் இருந்தவர்கள் நான்கு பேர். பெரியக்கா, அவளுடைய தம்பி, தம்பியின் மனைவி, பட்டறையில் நூல் பிழிகிற குஸ்தி. ஐந்தாவதாக யாரும் இல்லை. சன்னலுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டதாகச் சொல்கிற எதிர்வீட்டுக்காரி அன்று மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒரு குடும்பத்தைப் பற்றிப் பேச வாய் மட்டும் இருந்தால் போதாது. அன்றைக்கு அங்கே இருந்திருக்கவும் வேண்டும்.

அது நூலுக்குச் சாயம் போடுகிற வீடு. முன்பக்கம் இரண்டு அறையும் ஒரு சமையலறையும். பின்பக்கம் தகரக் கூரை போட்ட பட்டறை. அங்கே அடுப்புகளின் மேல் பெரிய தொட்டிகள், தொட்டிக்குக் குறுக்கே கம்புகள், கம்புகளில் பாதி சாயத்துக்குள் முங்கித் தொங்குகிற, வளையமாகச் சுற்றிக் கட்டிய நூல் சிட்டங்கள். கம்பைப் பிடித்துச் சிட்டத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் நிறத்தில் திட்டு விழும். திட்டு விழுந்த நூலை யாரும் வாங்க மாட்டார்கள். பெரியக்கா வீட்டு நூலில் திட்டு பார்த்தவர் இல்லை. தெருவில் அவளைப் பிடிக்காதவர்கள்கூட அதை ஒத்துக்கொள்வார்கள்.

தாய் போனபோது தம்பி கைக்குழந்தை. அன்றிலிருந்து பெரியக்காதான் வளர்த்தாள். தனக்கென்று கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கும் தைரியமும் யாருக்கும் வரவில்லை. இடுப்பில் சாவிக்கொத்து, நெற்றியில் வியர்வை, முழங்கை வரை அந்த வாரத்து நிறம். தெருவே அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டது. அவளைவிட வயதானவர்களும்.

அவளுக்குத் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. கொதிக்கிற தொட்டியில் சாயம் திடீரென்று திரிந்துபோகும். நிறம் கலங்கும், நூலில் ஏறாது, நுரை கட்டும். மற்ற பட்டறைகளில் அப்போது ஆளாளுக்கு எதையாவது அள்ளிப் போடுவார்கள், இன்னும் கொஞ்சம் உப்பு, இன்னும் கொஞ்சம் சோடா என்று. பெரியக்கா எதையும் போட மாட்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்.

"கடைசியா என்ன போட்டீங்க?"

அதை நிறுத்துவாள். நூலை வெளியே எடுத்து வெறும் தண்ணீரில் அலசி, பேசாமல் உட்கார்ந்திருப்பாள். பத்துக்கு ஒன்பது முறை சரியாகிவிடும்.

நீலத் தொட்டி மட்டும் வேறு கதை. அதற்குள்ளிருந்து நூல் மஞ்சளும் பச்சையுமாகத்தான் வெளியே வரும். பார்க்கிறவர்களுக்குப் பகீர் என்றிருக்கும். காற்றுப் பட்ட பிறகுதான் ஓரத்திலிருந்து நீலம் ஏறும். தம்பி மனைவி கல்யாணமாகி வந்த புதிதில் அதைப் பார்த்துப் பயந்து சிட்டத்தைத் திரும்பத் தொட்டிக்குள்ளேயே முக்கிவிட்டாள்.

"கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன் அண்ணி."

"கெட்டுப்போனது உன் கண்ணு. கையைக் கட்டிக்கிட்டு கொஞ்ச நேரம் சும்மா பாரு."

அவள் பார்த்தாள். அதன் பிறகு நீலத் தொட்டி அவளுடையதாயிற்று.

தம்பிக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. இளைத்தான். வாயில் புண் வந்து ஆறவே இல்லை. தெருமுனை மருத்துவர் ஊசி போட்டுப் பார்த்துக் கைவிரித்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று மூவரும் போனார்கள். மருத்துவர் உட்கார்ந்திருந்த அறையின் கதவில் அந்த நோயின் பெயர் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. பெரியக்கா அதைப் படித்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பி நடந்து, வெளியே பேருந்து நிற்கும் இடத்தில் போய் நின்றாள். அந்தக் கதவுக்குள் நுழைகிற குடும்பம் தன்னுடையது இல்லை என்பதுபோல நின்றாள்.

உள்ளே மருத்துவர் சொன்னதைக் கேட்டவர்கள் தம்பியும் அவன் மனைவியும் மட்டும்.

"உங்க உடம்புல ரெண்டு வைரஸ் இருக்கு," என்றாள் அந்தப் பெண் மருத்துவர். "ஒண்ணு எச்.ஐ.வி. இன்னொண்ணு ஹெபடைடிஸ் பி, அது கல்லீரல்ல இருக்கு. எச்.ஐ.வி. இத்தனை வருஷமா உடம்போட எதிர்ப்புச் சக்தியை அடிச்சுப் படுக்க வெச்சிருந்துச்சு. அதனால கல்லீரல்ல இருக்கறதைக் கேக்க ஆளில்ல. அது பாட்டுக்குப் பெருகிட்டிருந்தாலும் உங்களுக்கு ஒண்ணும் தெரியல. இப்ப மாத்திரை தரேன். சாப்பிட்டா எதிர்ப்புச் சக்தி எழுந்திரிக்கும். எழுந்ததும் கல்லீரல்ல இருக்கற வைரஸைப் பார்த்து அடிக்கும். அந்த அடி கல்லீரல் மேலயும் விழும். கண்ணு மஞ்சளாகலாம், வாந்தி வரலாம். மருந்து கெடுதல் பண்ணுதுன்னு தோணும்."

"அப்படி ஆனா என்ன பண்றது டாக்டரம்மா?" என்றாள் தம்பி மனைவி.

"நேரா இங்க வாங்க. ரத்தம் பார்த்து நான் சொல்றேன். நீங்களா மட்டும் நிறுத்திடாதீங்க. ரெண்டு வைரஸையும் இந்த ஒரே மாத்திரைதான் பிடிச்சு வெச்சிருக்கும். இதை விட்டா கல்லீரல்ல இருக்கறது மறுபடி கிளம்பும். அப்ப எதிர்ப்புச் சக்தியும் முழிச்சிருக்கும். ரெண்டும் மோதினா கல்லீரல் தாங்காது."

அவளுக்கும் ரத்தம் பார்த்திருந்தார்கள். ஒன்றும் இல்லை. கல்லீரல் நோய் தொற்றாமலிருக்கத் தடுப்பூசி போட்டு அனுப்பினார்கள். தம்பிக்கு அது எப்படி வந்தது என்பது இங்கே சொல்லப்படாது. அது கணவனும் மனைவியும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்ட விஷயம், முடித்துக்கொண்டார்கள்.

பேருந்தில் அவள் ஆரம்பித்தாள். "அண்ணி, டாக்டரம்மா என்ன சொன்னாங்கன்னா, ரெண்டு..."

"பஸ்ஸுல பேசாதே."

வீட்டுக்கு வந்ததும் மறுபடி ஆரம்பித்தாள்.

"சுவத்துக்கும் காது இருக்கு. மாத்திரை குடுத்தாங்களா? வேளாவேளைக்குக் குடு. பேரு எதுக்கு? இந்த வீட்டுல அந்தப் பேரை நானும் சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாதே."

அதோடு சரி.

மாத்திரை ஆரம்பித்துச் சில வாரங்களில் வாய்ப்புண் ஆறியது. தம்பி மறுபடி கம்பு பிடித்தான். அந்த மாதம் பட்டறையில் மஞ்சள் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே வியாபாரிக்கு வண்டி வண்டியாக மஞ்சள் நூல். எல்லோர் கையும் மஞ்சள், நகக்கண்ணும் மஞ்சள், சோற்றுத் தட்டின் விளிம்பும் மஞ்சள். அதனால் தம்பியின் தோல் மாறியதை யாரும் கவனிக்கவில்லை. முதலில் பார்த்தவன் குஸ்திதான். முன்னங்கை இரண்டும் உருட்டுக்கட்டை போல இருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். ஈரச் சிட்டத்தை ஒரே முறுக்கில் சொட்டு இல்லாமல் பிழிவான்.

"சின்னவரே, சாயத்தைக் கையில போடச் சொன்னா கண்ணுலயும் போட்டுக்கிட்டீரா?" என்று சிரித்தான். பிறகு கிட்டே வந்து பார்த்தான். சிரிப்பு நின்றது. "அக்காகிட்ட காட்டும்."

தம்பி காட்டவில்லை. மறுநாள் காலை சாப்பிட உட்கார்ந்து முதல் வாயை வைத்ததும் எழுந்து ஓடிப்போய் வாந்தி எடுத்தான். பெரியக்கா அவன் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கண்ணின் வெள்ளையில் வெள்ளையே இல்லை.

குஸ்தி சோடா வைத்த பெட்டியின் சாவி வாங்க வந்தவன், வாசலிலேயே நின்றான்.

"கடைசியா என்ன போட்டீங்க?" என்றாள் பெரியக்கா.

யாருக்கும் முதலில் புரியவில்லை.

"இவன் உடம்புல புதுசா என்ன போச்சு? அதே சோறு, அதே தண்ணி, அதே வேலை. புதுசாப் போனது அந்த மாத்திரை ஒண்ணுதான். எடு அதை."

"அண்ணி, இப்படி ஆகும்னு டாக்டரம்மா முன்னாடியே சொன்னாங்க. மஞ்சள் தெரிஞ்சா நேரா வரச் சொன்னாங்க. மாத்திரையை மட்டும் நிறுத்தவே கூடாதாம்."

"வித்தவ நிறுத்தச் சொல்வாளா?"

"விக்கல அண்ணி, சும்மாதான் குடுத்தாங்க."

"சும்மா குடுக்கறதுல என்ன இருக்கும்னு தெரியாதா? வாந்தி எடுக்கறான் கண்ணு முன்னாடி. அந்தக் கதவு வழியா இவனை இன்னொரு தடவை கூட்டிட்டுப் போறியா? நம்ம நூல் வாங்கறவங்க பாதிப் பேர் அந்தப் பக்கம்தான் குடியிருக்காங்க. காமாலைக்கு இங்கேயே பத்தியம் இருக்கலாம்."

தம்பி மனைவி அவளை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. அன்று சொன்னாள்.

"நீலத் தொட்டியில நூல் மஞ்சளாத்தானே வருது அண்ணி. கெட்டுப்போச்சுன்னு நினைச்சு நான் திரும்ப முக்கினப்போ நீங்கதானே திட்டினீங்க. இதுவும் அப்படித்தான். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். வேணும்னா நான் மட்டும் போய் டாக்டரம்மாவைக் கேட்டுட்டு வரேன்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, யாரும் இறக்கவில்லை. அந்தப் பேச்சு பெரியக்காவுக்குள் எங்கேயோ போய்த் தைத்தது. தைத்ததுதான் வினை.

"எனக்கே சாயம் சொல்லித் தரியா நீ?"

தம்பி மனைவி தலை குனிந்தாள்.

"நீ சொல்லு," என்று தம்பியிடம் திரும்பினாள் பெரியக்கா.

தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மனைவியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். "அக்கா சொல்றபடி செய்," என்றான்.

பெரியக்கா டப்பாவை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவி இடுப்புக்குப் போனது. குஸ்தி பொங்கிய பாலை இறக்கி வைத்துவிட்டு, வந்த வேலையைச் சொல்லாமலே போனான்.

பத்தியம் ஆரம்பமாயிற்று. உப்பில்லாக் கஞ்சி, வேகவைத்த காய், ஆற வைத்த தண்ணீர். தம்பி கம்பைத் தொடக் கூடாது. எண்ணெய் வாசனைகூட அவனை எட்டாதபடி சமையல் மாறியது. சொல்லவே வாய் கூசும் செய்தி என்னவென்றால், அவன் தேறினான். கண் வெளுத்தது. பசி வந்தது. ஒரு நாள் கஞ்சியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தான். மருத்துவர் சொன்ன அந்த முதல் அடி, மாத்திரை சாப்பிட்ட நாட்களின் பலத்திலேயே அடங்கிக்கொண்டிருந்தது. அது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. எல்லோரும் கண்டது, நிறுத்தினாள், சரியாயிற்று என்பதைத்தான்.

"பார்த்தியா?" என்று பெரியக்கா தம்பி மனைவியிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லாததுபோல நடமாடினாள். குஸ்திதான் சொன்னான்: "அக்கா, நீங்க டாக்டருக்குப் படிச்சிருந்தா ஊர்ல பாதி ஆஸ்பத்திரியை மூடியிருப்பாங்க." அன்று அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்ததாக அவன் பின்னாளில் சொன்னான். அதைச் சொன்ன தன் வாயைத் தானே அடித்துக்கொண்டும் சொன்னான்.

பிறகு மழை பிடித்தது. விடாத மழை. கொடிகளில் நூல் காயவில்லை. முன்னறையில், படுக்கையறையில், சமையலறையில் கயிறு கட்டி மஞ்சள் சிட்டங்களைத் தொங்கவிட்டார்கள். வீடு முழுக்க ஈர நூலின் புளித்த வாடை. நடக்கிறவர்கள் தலையைக் குனிந்து நூலை விலக்கிக்கொண்டு நடந்தார்கள். அப்படி விலக்கிக்கொண்டு வந்துதான் தம்பி மனைவி ஒரு காலையில் அவனைப் பார்த்தாள். எழுப்பினாள், எழுந்தவன் அவளைத் தெரியாதவன்போல் பார்த்தான். வயிறு உப்பியிருந்தது. சிறுநீர் தேநீர் நிறத்தில் போயிற்று. இந்த முறை மஞ்சள் கண்ணோடு நிற்கவில்லை. தொங்கிய நூலுக்கும் அவனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பெரியக்கா வண்டி பிடித்தாள். வண்டிக்காரனிடம் அவள் சொன்னது அந்த ஆஸ்பத்திரி இல்லை. பக்கத்து ஊரில் யாருக்கும் அவர்களைத் தெரியாத வேறொன்று. ஏறுவதற்கு முன் தம்பி மனைவியின் கையைப் பிடித்தாள்.

"காமாலைன்னு சொல்லு. மீதியை நான் பேசிக்கறேன்."

அங்கே இருந்தவர் இளம் மருத்துவர். அவசரமில்லாமல் கேட்டார். குடிப்பாரா? இல்லை. நாட்டு மருந்து ஏதாவது? இல்லை. வேறு மாத்திரை ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தாரா?

"இல்லை," என்றாள் பெரியக்கா.

தம்பி மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஊசி போட்டார்கள், தண்ணீர் ஏற்றினார்கள். மறுநாளும் அதையே செய்தார்கள். அதற்கு மறுநாள் மருத்துவர், "இவ்வளவு வேகமா ஏன் மோசமாகுதுன்னே புரியல," என்று சொல்லிவிட்டு நகர்ந்தபோது, தம்பி மனைவி அவர் பின்னாலேயே நடைபாதையில் ஓடினாள். பெரியக்கா கூப்பிட்டாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நின்று, மூச்சு வாங்க, வீட்டில் சொல்லக் கூடாத அந்தப் பெயரை நடைபாதை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். இரண்டு பெயரையும் சொன்னாள், மாத்திரை நின்றதையும் சொன்னாள்.

மருத்துவரின் நிதானம் போயிற்று. "எப்ப நிறுத்தினீங்க? யார் நிறுத்தச் சொன்னாங்க?"

பெரியக்கா வந்து சேர்ந்திருந்தாள். தம்பி மனைவி அவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "நான்தான் சார். பயந்து நிறுத்திட்டேன்," என்றாள்.

"படிக்காதவங்களா நீங்க? கட்டினவரைக் கொல்லறதுக்கு இதைவிட வேற வழி வேணுமா?" கட்டிலில் இருந்தவர்கள், கட்டிலுக்குக் கீழே பாய் விரித்திருந்தவர்கள், எல்லோரும் கேட்டார்கள். தம்பி மனைவி ஏச்சை வாங்கிக்கொண்டு நின்றாள். பெரியக்கா வாய் திறக்கவில்லை. வாழ்நாளில் வேறு யாராவது தன் பங்கைச் சுமக்கும்போது அவள் சும்மா நின்றது அந்த ஒரு முறைதான்.

மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். காலம் கடந்துவிட்டது என்பதையும் அந்த மருத்துவர் மறைக்கவில்லை.

ஒரு பிற்பகலில் தம்பிக்கு நினைவு தெளிந்தது. தம்பி மனைவி துணி அலசப் போயிருந்தாள். பெரியக்கா அவன் உதட்டைத் தண்ணீரால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நூல் காஞ்சுதா அக்கா?"

"காயுது."

"மஞ்சள் போதும். அடுத்தது நீலம் போடுங்க."

"நீ வந்து போடு."

அவன் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டான். "அன்னிக்கு அவ சொன்னது சரின்னு எனக்குத் தெரியும் அக்கா. அந்த ரூம்ல நானும்தானே உட்கார்ந்து கேட்டேன். தெரிஞ்சும் நீ சொன்னதுக்குத் தலையாட்டினேன். அந்த டப்பாவைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கல. உன் பேரைச் சொல்லித் தப்பிச்சுக்கிட்டேன். பாதி எனக்கு, பாதி உனக்கு."

"உளறாதே."

"உளறல. அவளுக்கு இதுல பங்கே இல்ல. அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

"யார் சொல்லப் போறா? நான் இருக்கேன்ல."

"இருக்கே," என்றான். அதற்குப் பிறகு அவன் பேசியதில் பொருள் இல்லை. இரண்டு நாளில் போய்விட்டான்.

பட்டறை கொஞ்ச காலம் மூடியிருந்தது. தம்பி மனைவியின் அண்ணன் வந்து கூப்பிட்டான். "தொட்டியை அப்படியே விட்டா பாசி பிடிச்சிடும்ண்ணே," என்று சொல்லி அவள் போகவில்லை. அவளே அடுப்பு மூட்டினாள். குஸ்தி பழையபடி பிழிந்தான், கிண்டல் மட்டும் இல்லாமல்.

நூல் கடையில் பேச்சு வந்தது. பெரியக்கா மூட்டைக்கு நின்றபோது கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னார்: "அந்த ஆஸ்பத்திரியில இருந்த ஒருத்தர் சொல்லி எங்க காதுக்கும் வந்துச்சு பெரியக்கா. நோயைத் தந்துட்டானேங்கற கோவத்துல தம்பி பொண்டாட்டி மாத்திரையை ஒளிச்சு வெச்சுட்டாளாமே. ஆஸ்பத்திரியிலயே ஒத்துக்கிட்டாளாம். அவளைப் போய் வீட்டுல வெச்சிருக்கீங்களே, நீங்க மனுஷியே இல்ல, தெய்வம்."

பெரியக்கா மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டில் அன்று நீலம் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி மனைவி கம்பிலிருந்து ஒரு சிட்டத்தை எடுத்து உயர்த்திப் பிடித்திருந்தாள். நூல் மஞ்சளாக இருந்தது. பெரியக்கா பட்டறை வாசலிலேயே நின்று பார்த்தாள். ஓரத்தில் பச்சை ஏறியது. பிறகு நீலம் ஏறியது. தம்பி மனைவி அதைக் குஸ்தியிடம் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"கடையில உன்னைப் பத்திப் பேசறாங்க. உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

"ஏன் சொல்லல?"

"இந்த வீட்டைப் பத்தி வெளியில பேசக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

மறுநாள் காலை கடை திறக்கும் நேரத்துக்குப் பெரியக்கா போனாள். தம்பி மனைவியையும் குஸ்தியையும் கூட்டிக்கொண்டு போனாள். கடையில் நாலைந்து பட்டறைக்காரர்கள் நின்றிருந்தார்கள். பெரியக்கா முக்காடு போட்டுக்கொள்ளவில்லை. நூலைக் கேட்பது போன்ற குரலில்தான் பேசினாள்.

"என் தம்பிக்கு எச்.ஐ.வி. இருந்துச்சு. கல்லீரல்ல இன்னொரு வைரஸும் இருந்துச்சு. ரெண்டுக்கும் மாத்திரை ஒண்ணுதான். நிறுத்தாதீங்கன்னு இவ சொன்னா. டப்பாவை வாங்கிப் பூட்டினது நான். சாவி இதோ, இந்தக் கொத்துலதான் இருந்துச்சு. பக்கத்துல நின்னு பார்த்தவன் இவன்."

குஸ்தி தலையாட்டினான். கடைக்காரர் தராசுத் தட்டைத் துடைத்தார். பெரியக்கா மூவருக்கும் வழிவிடச் சொல்லி நடந்தாள்.

ஊர் சும்மா இருக்குமா? இப்போது வேறு விதமாகச் சொல்கிறார்கள். தம்பி பெண்டாட்டிமேல் வந்த பழியைப் பெரியக்கா பெரிய மனசு பண்ணித் தன் தலையில் போட்டுக்கொண்டாள் என்றும், அந்தக் காலத்து மனுஷி, குடும்ப மானத்துக்காக எதையும் செய்வாள் என்றும் சொல்கிறார்கள்.

அது தவறு. அவள் யார் பழியையும் வாங்கிக்கொள்ளவில்லை. மாத்திரையை நிறுத்தியவள் அவள்தான்.